ஒரு விரற்கடை

வெள்ளிக்கிழமை, கொக்கொலா.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு.
துறைமுகம் உறைந்துவிட்டது.
ஒரேயொரு கப்பல், தான் உடைத்து வந்த வழியிலேயே
மாட்டிக்கொண்டு நின்றது.

காலையில் முதல் வேலை எடை தொங்கவிடுவது.
டைனமோமீட்டரின் ஒரு மீட்டர் இரும்புக் கையில்
இருபது கிலோ, நாற்பது, அறுபது.
பிறகு ஒவ்வொன்றாக இறக்கம்.
ஏறும்போது சொன்னதை இறங்கும்போதும் சொன்னால்தான்
அந்தக் கையை நம்புவேன்.
சொன்னது.

ராக்னர் ஐஸ் பந்தயக்காரன்.
எஞ்சினோடு வந்தான், மச்சானோடு வந்தான்,
மச்சான் பற்றவைத்த புதிய புகைக்குழாயோடும் வந்தான்.
முதலில் பழைய குழாய், என்றேன்.
எண்ணெய் தொண்ணூறைத் தொடும்வரை,
தண்ணீர் எண்பதில் நிற்கும்வரை
த்ராட்டிலில் கைவைக்கவில்லை.
ஓஸ்மோ கண்ணாடிக்கு அப்பால் கட்டைவிரல் உயர்த்த,
மூவாயிரத்திலிருந்து எட்டாயிரம் சுற்று.
சுவர் அதிர்ந்தது, குவளைக் காப்பியில் வட்டங்கள்.
இருநூற்றுப் பன்னிரண்டு குதிரை.
நான்கு நிமிட ஓய்வு. மறுபடியும் அதே.
மறுபடியும் அதே, அரைக் குதிரை முன்பின்.

சாப்பாட்டுக்குப் பிறகு புதிய குழாய்.
இருநூற்றுப் பதினேழு!
மச்சான் ராக்னரின் தொப்பியைப் பிடுங்கி மேலே எறிந்தான்.
இன்னொரு முறை: பதினாறேமுக்கால்.
தாளை அச்சடித்துக் கொடு என்றார்கள்.
சாயங்காலம் சௌனா காத்திருக்கிறதாம்.

பழையதைத் திரும்ப மாட்டு, என்றேன் ஓஸ்மோவிடம்.
அவன் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.
சுடச்சுட எட்டு போல்ட், ஒரு புது கேஸ்கட்,
விரலில் ஒரு கொப்புளம்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
அது சோற்றுக்கு.

பழைய குழாய்: இருநூற்றுப் பதினாறரை.

யாரும் பேசவில்லை.
மச்சான் தொப்பியைக் குனிந்து எடுத்தான்.
மத்தியானம் வந்த பரிகள்
இருட்டுமுன்னே நரிகளாகி ஊளையிட்டன.

எடையை மறுபடி தொங்கவிட்டேன். சரி.
பெட்ரோல் அதே பீப்பாய். ப்ளக் அதே.
பாரோமீட்டர் ஒரு முள்ளும் அசையவில்லை.
அறையின் வெப்பமானி இருபத்திரண்டு என்றது,
காலையிலும் இருபத்திரண்டு, இப்போதும் இருபத்திரண்டு,
ஹீட்டருக்கு மேலே ஆணியில் தொங்கியபடி,
வெயில் காயும் பூனை மாதிரி.

அப்போதுதான் கணுக்காலில் சில்லென்றது.

பின்கதவின் வாசற்படியில்
யாருடைய பூட்சிலிருந்தோ உதிர்ந்த பனி
மிதிபட்டு இறுகி ஒரு கட்டியாகக் கிடந்தது.
கதவு மூடியதுபோலவே இருந்தது.
ஒரு விரற்கடை திறந்திருந்தது.
எஞ்சின் அதன் வழியே கடலைக் குடித்திருக்கிறது,
கனமான, உறைந்த காற்றை.
சூட்டில் இளைத்த காற்று என்று நம்பிய கணக்கோ
அதற்கு மேலும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருக்கிறது.

ராக்னர் தன் பூட்சைப் பார்த்துக்கொண்டான்.
மச்சானும் தன்னுடையதை.

கெட்டில் நீரை ஊற்றிக் கட்டியைக் கரைத்தேன்.
கதவு 'டொக்' என்று உட்கார்ந்தது.
வெப்பமானியை ஹீட்டரிலிருந்து கழற்றி
எஞ்சின் மூச்சிழுக்கும் வாயருகே கம்பியால் கட்டினேன்.
பழைய குழாய்: பன்னிரண்டு.
புதிய குழாய்: பன்னிரண்டரை. பிறகு பதினொன்றேமுக்கால்.

அப்போ அரைக் குதிரையாவது உண்டா? என்றான் மச்சான்.
தெரியவில்லை, என்றேன்.
அவ்வளவு சின்னதை என் கை பார்க்காது.

ராக்னர் பணத்தை எண்ணி வைத்தான், முழுசாக.
கொஞ்சம் நின்று,
அந்தப் பதினேழு தாளையும் தரலாமா என்றான்.
அடுப்பின் ஓரம் கிடந்ததை எடுத்து
மேலே சிவப்பில் 'கதவு திறந்திருந்தது' என்று எழுதிக் கொடுத்தேன்.
மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

புதிய குழாயோடுதான் ஞாயிற்றுக்கிழமை ஓட்டப்போகிறானாம்.
சத்தம் நன்றாக இருக்கிறதாம்.
இருந்தது, உண்மைதான்.

அவர்கள் போனபின் பதிவேட்டில்
எண்ணெய், தண்ணீர், காற்றழுத்தம் என்ற பத்திகளுக்குப் பக்கத்தில்
அடிக்கோல் வைத்து இன்னொரு கோடு இழுத்தேன்.
தலைப்பு: கதவு.
ஓஸ்மோ கொப்புளத்தை ஊதிக்கொண்டே
பூட்சுக்கும் ஒன்று போடு என்றான்.