வான் ரீனன் கணவாயில் ஒரு சத்தம்

கனமானதெல்லாம் அச்சுக்கு முன்னால்.
பின்னால் ஏற்றினால் வால் ஆடும்,
வால் ஆடினால் பிரகாசன் என்னைத்தான் திட்டுவான்.

ஜாக்கியைத் தரை வளையத்தில் கட்டினேன்.
உதிரி டயர்களைச் சுவரோடு இறுக்கினேன்.
பெட்ரோல் கேன் காலிதான், இருந்தும் இரண்டு பட்டை.
காரின் நான்கு சக்கரத்துக்கும் ராட்செட்,
கடைசிப் பல் விழும்வரை.
மிஞ்சிய நுனிகளைக்கூடச் சுருட்டி டேப் ஒட்டினேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து மூன்று மணி நேரம்
டிரெய்லர் வாய் திறக்கவில்லை.
கணவாய் ஏற்றத்தில், மூடுபனிக்குள்,
டொக்.
அடுத்த வளைவில் மறுபக்கம், டொக்.

“ஸ்பேனரா?”
“என் ஸ்பேனர் பேசாது.”

லாரிகள் உறுமும் ஓரத்தில் நிறுத்தி
டார்ச்சோடு உள்ளே ஊர்ந்தேன்.
பட்டைகளை ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்தேன்.
எல்லாம் விறைப்பு.

கார் வயிற்றுக்கடியில்
ஒரு எலுமிச்சை.
ஏற்றுபலகை விளிம்பில் அத்தை வைத்த நான்கில்
சக்கரத்துக்குத் தப்பி உள்ளே வந்தது.
குங்குமம்கூட அழியவில்லை.

இதற்கு எந்தக் கொக்கி?

சொன்னால், எந்தச் சக்கரம் என்று கேட்பான்.
ஞாயிறு முழுக்க அந்த மூலையையே ஓட்டுவான்.

“ஒரு நட்டு” என்றேன்.
ஜாக்கெட் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.
ஹாரிஸ்மித் வரை
என் இடுப்பெலும்பில்
இடித்துக்கொண்டே வந்தது.