தவிடு

கல்மண்டபத்துக்குப் பின்னால் மாநகராட்சிக் கட்டடம்.
மாடிப்படிக்குக் கீழே என் மேசை.
பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுகிறேன்,
பக்கத்துக்கு இரண்டு ரூபாய் நாற்பது காசு,
கரப்பான் தின்றது போக.

பெயர், வயது, தெரு, காரணம்.
காரணம் என்கிற கட்டம் குறுகலானது.
அந்தக் காலத்து எழுத்தருக்கு அது போதும்:
பேதி. அம்மை. பேதி. ஜுரம். பேதி.
சில நாள் 'மேற்படி' என்று எழுதி
பக்கத்தின் அடிவரை ஒரே கோடு இழுத்திருப்பார்.
அடைமழைக் காலமாக இருக்கும்.

வயதுக் கட்டத்தில் ஆண்டு அபூர்வம்.
மாதம், நாள்.
ஓரிடத்தில் மணி.

படகோட்டிச் சந்து, ஏழாம் எண்.
நாற்பத்து மூன்றில் ஆண், எட்டு மாதம், பேதி.
நாற்பத்து நாலில் அதே ஏழு: பெண், மூன்று வயது, அம்மை.
நாற்பத்தாறில் ஆண், பெயரிடவில்லை.
நாற்பத்தேழில் பெண், பெயரிடவில்லை.
தெரிந்தவர்கள் வீடு மாதிரி
அவசரமாக அடுத்த கட்டைப் பிரித்தேன்.

பிறப்பில் இருந்தான்.
நாற்பத்தொன்பது, மாசி மாதம்.
பெயர்: தவிட்டுசாமி.

பிள்ளையைப் பக்கத்து வீட்டில் கொடுத்து
முறத்தில் தவிடு வாங்கியிருப்பாள் அந்த அம்மா.
பிறகு தன் பிள்ளையையே
அடுத்தவள் பிள்ளையாக வளர்த்திருப்பாள்.
எமன் வந்து விசாரித்தால் பதில் தயார்:
இது எங்க வீட்டுது இல்ல சாமி.

அப்புறம் தெருவுக்குக் குழாய் வந்தது.
அம்மை குத்த ஆள் வந்தார்கள்,
கதவுக்குப் பின்னால் ஒளிந்ததையும் இழுத்துக் குத்தினார்கள்.
கட்டத்தில் பேதி இளைத்தது.
வீடுகள் அதை உடனே நம்பிவிடவில்லை.
போகிறது போக மிஞ்சட்டும் என்று
பழைய கணக்கிலேயே ஆறு, ஏழு பெற்றன.
ஒன்றும் போகவில்லை.
ரேஷன் அட்டையில் இடம் போதவில்லை.
அதற்கப்புறம்தான் இரண்டு. அதற்கும் அப்புறம் ஒன்று.
குப்பன், பிச்சை, தவிடு
எண்பதுக்குப் பிறகு நான் ஏற்றிய எந்தப் பக்கத்திலும் இல்லை.
எமனுக்கு லஞ்சம் தேவைப்படாத பிள்ளைகளுக்கு
இப்போது எண்கணிதம் பார்த்துப் பெயர்.

நேற்று கவுண்டரில் ஷெரின் சாப்பிடப் போயிருந்தாள்.
அப்பாவின் இறப்புச் சான்றிதழுக்கு ஒருவர் வந்தார்.
பாதிப் பெயரிலேயே என் விரல் நின்றது.
தவிட்டுசாமி, எழுபத்தைந்து.
காரணம் இப்போது நாலு வரி:
சர்க்கரை, அதனால் சிறுநீரகம், அதனால் இதயம்.
இடது கால் முன்பே எடுத்தது தனி வரி.

"நான் ஒரே பையன் மேடம்.
வாரம் மூணு நாள் டயாலிசிஸ்.
நான் பொறந்த அதே ஆஸ்பத்திரி,
பிரசவ வார்டை இப்ப அதுக்குத்தான் விட்டிருக்காங்க.
கடைசியில வெள்ளைச் சோறே கூடாதுன்னுட்டாங்க.
தவிடு எடுக்காத அரிசி, கிலோ நூத்தி இருபது.
அப்பா தட்டைத் தள்ளிட்டு சிரிப்பாரு,
என்னை வாங்கின விலையவிட ஜாஸ்தியாச்சேடான்னு."

அவருக்கு முன்னால் நாலு பேர் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் வரிசை நின்றது.
முத்திரை குத்திக் கொடுத்தேன்.

எனக்கு முப்பத்தாறு. ஒரு மகள்.
போன மாத ரத்தப் பரிசோதனைக் காகிதம்
கைப்பையில் மடித்தபடி இருக்கிறது.
சாயங்காலம் டீக்கடையில்
'சக்கரை இல்லாம' என்று நான் வாய் திறப்பதற்குள்
டம்ளர் வந்துவிடுகிறது.
பெஞ்சில் ஆறு பேர்.
நாலு பேருக்கு அதே டீ.