புள்ளி

ஆண்டறிக்கை, பக்கம் பதினேழு:
எங்கள் மில் கிளப்புக்கு ஆறு அணிகள்,
ஆணும் பெண்ணுமாக ஆட்டக்காரர்கள் அறுபத்துநான்கு பேர்.

டைம் ஆபீஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து
நான் எண்ணியவரை பதினைந்து.
அதில் சேசுராஜுக்கு
வலது முழங்கால் இல்லை என்றே சொல்லலாம்.

கபடிக்குப் பச்சை பனியன்,
வாலிபாலுக்கு நீலம், பூப்பந்துக்கு மஞ்சள்.
ஹாக்கிக்குத் துணி எடுத்த வருஷம்
நூல் விலை விழுந்ததால் காலர் மட்டும் சிவப்பு.
ஓட்டத்துக்கு எது கிடைக்கிறதோ அது.
கேரமுக்குப் பனியன் கிடையாது, பவுடர் உண்டு.
எல்லாவற்றிலும் நெஞ்சுக்கு நேராக ஒரே கதிர்,
ஒரே எழுத்து: சித.பெரி.
உள்ளே இருக்கும் நெஞ்சும்
பெரும்பாலும் ஒன்றுதான்.

மீதி நாற்பத்தொன்பது பேரை
நான்தான் பிறப்பித்தேன்.
பெயர்களுக்கு எங்கே போவது?
ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேடு
வரிசை மாறாமல் இன்னும் மனப்பாடம்.
கலையரசன் செத்து எட்டு வருஷம்,
இங்கே ஹாக்கி கோல்கீப்பர்.
அபுதாகிர் சார்ஜாவில் லாரி ஓட்டுகிறான்,
இங்கே வலைக்கு மேல் எகிறி அடிக்கிறான்.
இவர்கள் காலுக்கு வாங்கிய பூட்ஸ்தான்
பாலும் முட்டையும் ஆனது,
திருச்சிக்குப் போக வேன் ஆனது,
மதுரை ஆஸ்பத்திரியில்
சேசுராஜின் முட்டிக்குள் ஒரு ஸ்குரூ ஆனது.

சென்னை ஆபீஸிலிருந்து ஹேமாவதி என்பவர்
கணக்குப் பார்க்க வந்தார்.
"அறுபத்துநாலு ஜோடிக்கு பில் இருக்கு.
கால் எங்கே?"

ஞாயிற்றுக்கிழமை.
புதுவயல் முழுக்க அவித்த நெல் வாசம்.
பச்சை அணி கைவீசி நடந்து போனது.
பஞ்சுக் கிட்டங்கிக்குப் பின்னால் திரும்பி
நீலமாக வந்தது.
நீலம் போய் மஞ்சள்.
சரளைத் தூசி அடங்குவதற்குள் சிவப்புக் காலர்,
ஒரு காலர் உள்பக்கம் வெளியே.

"எல்லா டீம்லயும் ஒருத்தருக்கு
வலது கால் இழுக்குதே?"
"மில்லுல தரை ஒரு பக்கம் சாய்வு, மேடம்."

அவர் சிரிக்கவில்லை.
ரிங் ஃபிரேம், டோக்கன் 212, பாகம்பிரியாளைக்
கூப்பிட்டுக் கேட்டார்:
"நீ எந்த டீம்?"
அவளுக்கு இன்னும் மூச்சு இறங்கவில்லை.
"எந்த பனியன் காஞ்சிருக்கோ
அந்த டீமுக்கா."

முதலாளி வகையறாவில்
கல்யாணம் ஆனவன்தான் ஒரு புள்ளி.
ஆகாதவன் உத்தரம் முட்ட வளர்ந்தாலும்
கோயில் வரிக் கணக்கில் வரமாட்டான்.
மைதானத்தில்
தொட்டுவிட்டு உயிரோடு கோட்டுக்குத் திரும்பினால் ஒரு புள்ளி.
என் மஸ்டரில்
வந்தவருக்கும் வராதவருக்கும்
வைக்கிற பேனா ஒன்று.

பத்து நாள் கழித்து அறிக்கையின் நகல் வந்தது.
'நான்கு அணிகளை நேரில் கண்டேன்.
மற்ற இரண்டும் இரவு ஷிப்டில் இருப்பதாகச் சொன்னார்கள்.'

அப்படி யாரும் சொல்லவில்லை.

அன்று இரவு ரிங் ஃபிரேம் பக்கம் போனேன்.
அறுந்த நூலைத் தேடி பாகம்பிரியாள்
இந்தப் பக்கம் நாலு எட்டு, அந்தப் பக்கம் ஆறு எட்டு.
சட்டென்று குனிந்து, தொட்டு, முறுக்கி,
கை பிடிபடும் முன் பின்வாங்கினாள்.
உதடு அசைந்துகொண்டே இருந்தது.
இயந்திரச் சத்தத்தில்
என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை.

மறு சனிக்கிழமை
அரிசி மில் பெண்களிடம் தோற்றோம்,
முப்பத்தொன்று இருபத்தொன்பது.
அவர்கள் ஏழு பேர்,
ஏழு பேராகவே வந்திருந்தார்கள்.
கடைசி ரைடுக்குப் போனவள்
இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்தவள்,
முடியெல்லாம் பஞ்சு.
நடுக்கோட்டுக்கும் அவள் நகத்துக்கும் இடையே
ஒரு நூல் பாக்கி.

சாயந்திரம் மஸ்டரை விரித்து
அவளுக்கு ஒரு புள்ளி வைத்தேன்.
சேசுராஜுக்கு ஒன்று.
கலையரசனுக்கும் ஒன்று.
பாவம், இத்தனை வருஷத்தில்
ஒரு கோல்கூட விட்டதில்லை.