அம்பு ஒட்டுகிறவன்

இருபதடி ஆழத்தில் வடக்கு கிடையாது.
அதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.
ஏணி, ஈரத்துணி, சுருள்சுருளாய் நீல அம்புகள்.
மிலம் தெருவுக்கு அடியில் நேராகப் போவது,
லமார் தெருவுக்கு அடியில் முழங்கை மடங்குவது.
முக்குக்கு முக்கு ஒரு வரைபடம்;
அதில் ஒரு சிவப்புப் பொட்டு:
நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்.
மாதம் ஒருமுறை அதை மட்டும் மாற்ற வேண்டும்.
போகிற இடத்தை யாரும் தொடுவதில்லை.
இருக்கிற இடத்தைத்தான்
விரல் வைத்து வைத்துத் தேய்த்துவிடுகிறார்கள்.

ஹூஸ்டனில் ஆகஸ்டு மாதம்
தெருவில் வெயில்தான் நடக்கும்.
பேருந்துக்கு நிற்பவர்கள்
விளக்குக் கம்பத்தின் நிழலுக்குள்
ஒருவர் முதுகுக்கு ஒருவராய், கம்பத்தின் அகலத்துக்கு
ஒடுங்கி நிற்பார்களாம்.
நிழல் நகர, வரிசையும் நகருமாம்.
கேள்விப்பட்டதுதான்.
என் வண்டி நிற்பதும் பாதாளத்தில்,
நான் ஏறுவதும் இறங்குவதும் பாதாளத்துக்குள்ளேயே.

கீழே குளிர்.
கழுத்தில் அட்டை தொங்க
பதினொன்றரைக்கு இறங்கி வருகிறது கூட்டம்.
தூயென் கடையில் ரொட்டி பிளக்கும் சத்தம்.
அடுத்து சாவி வெட்டுகிறவன், அடுத்து பல் டாக்டர்,
அதற்கும் அடுத்து, உயர நாற்காலியின் காலடியில்
பாலிஷ் டப்பாவோடு திபடோ.
"மண்ணையே மிதிக்காத செருப்பு இதெல்லாம்.
நான் எதைத்தான் துடைக்கிறேன், சொல்லு?"
சொல்லிவிட்டுத் துடைப்பார்.
எட்டு டாலர்.

அந்த வியாழக்கிழமை
எங்கோ ஒரு டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
முதலில் குளிர் நின்றது. பிறகு வெளிச்சம்.
பிறகு, தூயெனின் வானொலி நின்ற பிறகுதான்
இத்தனை நாளும் அது பாடிக்கொண்டிருந்தது தெரிந்தது.
காவலர்கள் டார்ச்சை ஆட்டினார்கள்:
மேலே, எல்லோரும் மேலே.

படிகள் எங்களைத் தெருவில் துப்பின.
நானூறு ஐந்நூறு பேர்,
கண்ணுக்கு மேல் கை வைத்துக்கொண்டு,
கப்பல் தேடுகிறவர்கள் மாதிரி.
பதினோரு வருஷம் வேலை பார்த்த கட்டடத்தின்
வாசலிலேயே நின்றுகொண்டு
அந்தக் கட்டடம் எங்கே என்று கேட்டார் ஒருவர்.
"டோனட் கடை தாண்டி இடது பக்கம்,
லிப்ட் பக்கத்தில் ஒரு மீன் தொட்டி..."
அவருக்குத் தெரிந்த முகவரி அவ்வளவுதான்.

என் கையில் அம்புச் சுருள். என்னிடமும் கேட்டார்கள்.
நான் அண்ணாந்து பார்த்தேன்.
கண்ணாடி, கண்ணாடி, கண்ணாடிக்குள் கண்ணாடி.
எனக்குத் தெரியவில்லை.

தெரிந்தவள் எர்லீன்.
பேருந்து நிறுத்தத்தில் ஐஸ் பெட்டி வைத்துத்
தண்ணீர் விற்கிறவள்.
"ரெண்டேகாலுக்கு என் பெட்டி மேலே
நிழல் போடுமே, அதுவா உன் கட்டடம்?
இதோ இது.
உன்னுடையது நாலு மணிக்காரன், எதிர்ப்பக்கம் போ.
உன்னுடையது, அம்மா, நிழலே தராத கஞ்சன்;
அந்த வங்கிக்குப் பின்னால் இருக்கிறான்."
ஒவ்வொருவரையும் அனுப்பிவைத்தாள்.
அட்டை போட்டவர்களுக்கு பாட்டில் இரண்டு டாலர்.
கம்பத்து வரிசைக்கு, எப்போதும் போல, ஒன்று.
திபடோ ஒன்றுதான் கொடுத்தார். அவள் பேசவில்லை.

உண்மைதான், அந்த வரிசை.
பன்னிரண்டு பேர், ஒரே ஒரு கோடு நிழல்.
நான் பதின்மூன்றாவதாக நின்றேன்;
பாதி உடம்பு வெளியே.

மூன்றே முக்காலுக்குக் கரண்ட் வந்தது.
தண்ணீர் வடிகால் தேடுவது போல
கூட்டம் படிக்கட்டைத் தேடி இறங்கிப்போனது.
வானொலி விட்ட இடத்தில் இல்லை,
வேறெதையோ பாடிக்கொண்டிருந்திருக்கும்.

சுருளில் மிச்சமாய் ஒரு சிவப்புப் பொட்டு.
"அது என்ன?" என்றாள் எர்லீன்.
நீங்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று அர்த்தம், என்றேன்.
"அது எனக்குத் தெரியுமே."
ஆனாலும் கையை நீட்டி வாங்கினாள்.
பெட்டியின் அடியில் ஒரு கீறல்;
அதன் மேல் வைத்து
கட்டை விரலால் அழுத்தினாள்.

செவ்வாய்க்கிழமை படியேறிப் போய்க் கேட்டேன்.
கொஞ்சம் கசிகிறதாம். முன்பு மாதிரி இல்லையாம்.