ஃப்ரீசரில் சாவி

சாவி ஃப்ரீசரில் இருந்தது.
பட்டாணிப் பையை எடுத்த கை
அந்த இடத்தில் அதை வைத்துவிட்டிருக்கிறது.
இப்போது உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு
வர மறுக்கிறது.
வெளியே வின்னிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
போன வாரம் எஞ்சினைச் சூடாக்கும் வயரைக் கழற்றாமலே கிளம்பி
தெருமுனை வரை வால்போல இழுத்துப்போனேன்.
பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தபோது
நட்பாய்க் கையசைத்தேன்.

அலாரம் அடிக்கிறது.
நான் வைத்த பெயர்: அப்பா.
அப்பாவுக்கு என்ன?
மாத்திரையா, நகம் வெட்டவா, ஓய்வூதியக் கடிதமா?
வைத்தபோது எனக்குத் தெரிந்திருந்தது.

மார்க்கோவைத்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.
தொடங்கியதை முடிப்பதில்லையா
வரிசையில் நிற்கத் தவிக்கிறானா
என்று நான்கு பக்கக் கேள்விகள்.
இரண்டாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு
பனி வாரும் வண்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேனாம்.
டாக்டர் பேனாவை மூடினாள்.
"உங்களுக்கு என்ன வயது, ஓரிசியா?"

நாற்பத்து நான்கு.
இத்தனை வருஷமும்
சோம்பேறி என்ற பெயரோடு
மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்.
ஏடிஎச்டி என்று எழுதிக்கொடுத்தாள்.
அந்தச் சீட்டைத் தொலைத்தேன்.

சமையல் மேடையில் மூன்று டப்பாக்கள்.
அப்பாவுடையதில் இருபத்தெட்டு அறைகள்.
மகனுடையதில் காலை மட்டும்.
என்னுடையதில் செவ்வாய் இன்னும் உள்ளேயே இருக்கிறது,
இன்று வெள்ளி.
ஞாபகத்துக்கான மாத்திரையை
ஞாபகமாய் விழுங்க வேண்டுமாம்.
இதைக் கண்டுபிடித்தவனுக்கு
வீட்டில் எடுத்துக்கொடுக்க ஆள் இருந்திருக்கும்.

நேற்று அம்மாவுக்குக் கண்ணில் ஊசி.
பத்தே முக்காலுக்கு இறக்கிவிட்டேன்,
பன்னிரண்டுக்கு அழைத்துவர வேண்டும்.
நடுவில் ஸீனியாவின் பள்ளி கூப்பிட்டது, காய்ச்சல்.
அவளைக் கொண்டுவந்து படுக்கவைத்து
காலுறை தேடி
துணி துவைக்கும் எந்திரத்தை நகர்த்தி
பின்சுவரைத் துடைக்க ஆரம்பித்தேன்.
என்ன அழகாய்த் துடைத்தேன் தெரியுமா,
பல்தேய்க்கும் பிரஷ் வைத்து, மூலை முடுக்கெல்லாம்.
உலகத்தில் அந்தச் சுவர் ஒன்றுதான் இருந்தது.
நிமிர்ந்தபோது மணி மூன்று.

அம்மா மருத்துவமனைக் கதவருகே பெஞ்சில்
கோட்டின் கடைசிப் பொத்தான் வரை போட்டு
ஒரு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.
வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராய் நின்றேன்.
காரில் ஏறி, பெல்ட்டைத் தடவி மாட்டியபின் சொன்னாள்:
"உங்கப்பா ஒருதடவை உன்னையே விட்டுட்டு வந்தார்.
கிம்லி மீன்கடையில்.
உனக்கு நாலு மாசம்.
பாதி வழியில், கூடையில் மீன் மட்டும் இருக்கேன்னு
எனக்குத்தான் தோணிச்சு."

அப்புறம்?

"அப்புறமென்ன, தினமும் சட்டைப்பையில்
சீட்டு எழுதி வைத்தேன். ஐம்பது வருஷம்."

சிரிப்பு வந்து சாலை மங்கியது.
எங்கள் வீட்டில் மறதியே கிடையாது
என்றல்லவா நினைத்திருந்தேன்.
அம்மா இருந்திருக்கிறாள், அவ்வளவுதான்.
இப்போது அவள் கண்ணில்
நடுவே ஒரு கறை, ஓரங்கள் மட்டும் மிச்சம்.
இனி யார் எழுதுவது?
டென்னிஸ் வடக்கே சுரங்கத்தில்,
மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே.
வந்த அன்றைக்கு என்னிடம் கேட்பான்:
"நாள் முழுக்க வீட்டில்தானே இருந்தாய்?"

இரவில் அப்பா கூப்பிடுகிறார்.
"பஸ்ஸை டிப்போவில் விட்டேனா?"
விட்டாச்சு, அப்பா.
முப்பத்தொரு வருஷம் ஒரு நிறுத்தமும் தவறவிடாத டிரைவர்.
வண்டியை விட்டு இறங்கினால்தான்
வழி தெரியாது.
பத்து நிமிஷத்தில் மறுபடி, "பஸ்?"
அவருக்கு அது புதுக் கேள்வி.
சத்தியமாய்ச் சொல்கிறேன், எனக்கும் அப்படித்தான்.
என் அக்காவால் இது முடியாது.
அவள் மூன்றாவது தடவையே பல்லைக் கடிப்பாள்.

அலாரம் திரும்பவும் அடிக்கிறது. அப்பா.
ஒத்திவைத்திருக்கிறேன் போல.
இன்னும் எதற்கென்று தெரியவில்லை.
அணைத்துவிட்டு அவர் கட்டில் ஓரம் உட்கார்ந்தேன்,
கைப்பையை மடியில் வைத்து.
பையின் அடி ஈரமாய் இருந்தது.
உள்ளே
உருகிப்போன பட்டாணி.