கால் சொட்டு

ஆயிரம் மில்லி, எட்டு மணி நேரம்,
மில்லிக்குப் பதினைந்து சொட்டு.
வகுத்தால் நிமிடத்துக்கு
முப்பத்தொன்றே கால்.
எல்லோரும் முப்பத்தொன்று என்று எழுதி
அடியில் கோடு போட்டார்கள்.
நான் மட்டும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கால் சொட்டை எப்படி விடுவது மேடம்
என்று கேட்கவில்லை.
கேட்டால் சிரிப்பார்கள்.

இரண்டாம் வருடம் பாதி ஓடிவிட்டது.
பன்னிரண்டு வரை தமிழில் படித்த நாக்கு
செஃபாலிக், பெசிலிக், மீடியன் கியூபிட்டல் என
நோட்டின் ஓரத்தில் தமிழெழுத்தில் குறித்ததை
பல் துலக்கும்போது சொல்லிப் பார்க்கிறது.
எல்லாம் கையில் ஓடும் நரம்புகள்தான்.
எனக்கோ
வேறு ஊருக்குப் போகிற பஸ்ஸின் போர்டுகள்.

லேபில் ஒரு ரப்பர் கை இருக்கிறது.
அதற்கு நான் நல்ல நர்ஸ்.

செவ்வாய்க்கிழமை, ஆண்கள் வார்டு, பதினேழாம் கட்டில்.
நல்லியண்ணன், ஜவ்வரிசி மில் தொழிலாளி.
கிழங்குப்பால் தொட்டியில் ஊறி ஊறி
விரல் நுனி வெளுத்த கை.
முதல் குத்தில் நரம்பு நழுவியது.
இரண்டாவதில் நான் நழுவினேன்.
அவர் திட்டவில்லை,
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.
திட்டியிருக்கலாம்.
ஸ்டாஃப் நர்ஸ் வந்தார்,
தட்டுவடை செட்டுக்கு யார் காசு கொடுத்தது என்று
பின்னால் யாரையோ கேட்டபடியே
ஒரே குத்து.

கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.
தண்ணீர் வீணாகிறதே என்று
பாதியில் மூடினேன், இரண்டையும்.

அம்மா செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசுக்குக் கண்ணி பற்றவைக்கிறாள்.
ராத்திரி எட்டரைக்குப் போன் வரும்.
சாப்ட்டியா?
ம்.
பாடமெல்லாம் புரியுதா?
ம்.
இரண்டு ‘ம்’முக்கும் நடுவே
சொல்லாமல் விட்டது:
இதுக்கு நான் ஆளில்லைம்மா.
கட்டின ஃபீஸைத் திருப்பித் தருவாங்களா?

அன்றிரவு ஒரு தாளில்
‘மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு’ என்று எழுதினேன்.
தமிழில் கொடுத்தால் வாங்குவார்களா, தெரியவில்லை.
விலகிப் போவதற்கும் இங்கிலீஷ் வேண்டியிருக்கிறது.

தாளைப் பார்த்துவிட்டாள் ஃபிலோமினா.
நாகலூர்க்காரி, பக்கத்துக் கட்டில்.
ஒன்றும் கேட்கவில்லை.
துப்பட்டாவை மேல்கையில் இறுக்கிக் கட்டி
பல்லால் முடிச்சை இழுத்துவிட்டு
கையை நீட்டினாள்.
“குத்துடி.”

ரப்பர் கைக்குச் சத்தம் கிடையாது.
இவள், “ஐயோ, சனியனே!” என்றாள்.
எனக்குச் சிரிப்பு வந்தது,
அவளுக்கும்.
ஊசியின் அடியில் சிவப்பாய் ஒரு துளி
எட்டிப் பார்த்தது.

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு
மொட்டை மாடிக்கு ஏறினோம்.
பரீட்சையன்று காலையில் வாந்தி எடுப்பாளாம், ஒவ்வொரு தடவையும்.
“நானும் குழாயைத் திறந்து விட்டுட்டுத்தான்.”
ஏற்காட்டு மலையில் ஒரு வண்டி வெளிச்சம் ஏறிற்று,
வளைவில் காணாமல் போயிற்று.
அடுத்த வளைவில் வருமென்று பார்த்துக்கொண்டே இருந்தோம்.
வெகுநேரம் வரவில்லை.
“டீ குடிக்க நிறுத்தியிருப்பான்,” என்றாள்.

அந்தத் தாள் இன்னும் என் ரெக்கார்ட் நோட்டுக்குள்தான் இருக்கிறது.
வார்டில் மறுபடி ஊசியை
என் கையில் யாரும் தரவில்லை.
இந்த வாரம் இரவு ட்யூட்டி.
சொட்டு எண்ணுவது மட்டும் என் வேலை.

கைக்கடிகாரத்தை விளக்குக்குக் காட்டி
எண்ணினேன்.
முதல் நிமிடம் முப்பத்தொன்று.
இரண்டாவது முப்பத்தொன்று.
மூன்றாவதும் அதுவே.
நான்காவதில்
முப்பத்திரண்டு.

தப்பாக எண்ணிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.
என் வழக்கம் அப்படி.
மறுபடி எண்ணினேன், முழுதாக நான்கு நிமிடம்.
முப்பத்திரண்டு.

“என்னம்மா, தண்ணி சரியா இறங்குதா?”
நல்லியண்ணன் கண்ணைத் திறக்காமல் கேட்டார்.
“இறங்குதுங்க,” என்றேன்.
“நாலு நிமிஷத்துக்கு ஒருக்கா
ஒண்ணு கூட வருது.”

அவருக்கு அது புரிந்திருக்காது.
சரி என்று சொல்லிவிட்டு
என் பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.