கயிறு

போரா வீசும் நாட்களில் த்ரியெஸ்தேயில்
தெருவோரம் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
நெரினா கொசியான்சிச் அதில் மைக் கட்டினாள்.

பகலில் தொலைபேசி நிலையத்தில் வேலை.
இரவில், என் தலைக்கு மேலே,
கயிறு முனகும், நாடா ஓடும், நிற்கும்,
மறுபடி முனகும்.
மூன்று முறை புகார் எழுதியவன் நான்தான்.
மூன்றாவதில் இசை என்ற சொல்லை
மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தேன்.

அறுபத்தெட்டில் ஒரே ஒரு கச்சேரி.
பதினொரு பேர்.
அதில் நாலு பேர் காற்றுக்கு ஒதுங்கியவர்கள்.
யாரோ இருமினார்கள்.
அதையும் அவள் வெட்டவில்லையாம்.

அவள் போனபின்
அக்காள் மகன் பெட்டிகளைக் கார்ஸோ மேட்டுக்கு ஏற்றிப்போனான்.
திராட்சைக்கு வரும் குருவிகளை விரட்ட
நாடாவை உருவி
கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டியிருக்கிறான்.
பளபளத்தால் போதும் அவனுக்கு.
அவள் வெட்டி ஒட்டிய இடங்கள் மட்டும் வெள்ளையாய்.

போன அக்டோபரில் ஒயின் வாங்கப் போயிருந்தேன்.
போரா எழுந்தது.

விளக்குமாற்றுக் காம்பால் கூரையை இடித்துப் பழகிய கை
கம்பத்தைப் பிடித்துக்கொண்டது.
குருவிகள் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தன.
விலை சொல்ல வந்தவனை,
கொஞ்சம் சும்மா இரப்பா என்றேன்.